முதல் மாடி மோரியும் என் பௌதிகமும்

பி.எஸ்ஸி. பௌதிகம் பாஸ் செய்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. மாதுங்காவில் எங்கள் பில்டிங்கின் பின்பக்க வரிசையில் தளத்துக்கு ஒரு குடித்தனம். நாங்கள் மூன்றாவது மாடி. பாத்திரம் தேய்க்கும் மூலையைப் பம்பாயில் எல்லோரும் மோரி என்பார்கள். நாலு வீட்டு மோரித் தண்ணீரும் பின்சுவரில் இறங்கும் ஒரே இரும்புக் குழாயில்தான் விழும். அந்தக் குழாயைப் பற்றி அதுவரை நான் ஒரு நிமிஷம் யோசித்ததில்லை. அது அடைத்துக்கொண்ட அன்றே அதில் நிபுணனாகிவிட்டேன்.

முதல் மாடியில் இருந்தவர் பில்டிங் கமிட்டியின் செக்ரட்டரி. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, தன் தட்டைத் தானே கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைப்பவர். ஒரு மழைநாள் காலையில் அவர் வீட்டு மோரியிலிருந்து தண்ணீர் பொங்கி, யார் வீட்டுக் காபிச் சக்கையையோ முருங்கைத் தோலையோ சமையலறை நடுவில் கொண்டுவந்து வைத்தது. அவர் முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டு குரல் கொடுத்தார். எங்கே கூட்டம் கூடினாலும் முதல் ஆளாகப் போய்ச் சேர்வது என் வழக்கம். போய்ச் சேர்ந்தேன்.

"யார் பண்ற வேலைடா இது?"

"கீழ்வீட்டு மெஸ்தான் மாமா, சந்தேகமே இல்லை" என்றேன். இறங்கி வந்த மூச்சு அடங்குவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

தரைத்தளத்தில் ஒரு பாலக்காட்டு மாமி மெஸ் நடத்திக்கொண்டிருந்தாள். கணவருக்கு மில் ஆபீஸ் வேலை போய், அவர் வீட்டோடு இருந்தார். ஆபீஸ் போகும் பிரம்மச்சாரிகள் இருபது பேர் அவளிடம் இரண்டு வேளை சாப்பிட்டார்கள். குடும்பம் அந்த இருபது தட்டுகளை நம்பித்தான் நடந்தது. என் சித்தாந்தம் எளிமையானது. இருபது பேருக்குச் சோறு என்றால் இருபது பேர் சோற்றின் கஞ்சி. கஞ்சி ஆறினால் பசை. பசை குழாயை அடைக்கும்.

கைகளைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே மாமி மேலே வந்தாள்.

"என் மோரில தண்ணி ஜம்முனு போறதேடா. நான் அடைச்சிருந்தா மொதல்ல என் ஆத்துலன்னா பொங்கணும்?"

"அது அழுத்த வித்தியாசம் மாமி. சொன்னாப் புரியாது."

"சொல்லித்தான் பாரேன்."

செக்ரட்டரியின் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு தளம், ஒரு குழாய், நிறைய அம்புக்குறிகள் வரைந்தேன். மாமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்பெல்லாம் மேல போறதே. கஞ்சி எப்பேர்ப்பட்டதா இருந்தாலும் மாடிப்படி ஏறுமாடா?"

செக்ரட்டரிக்கும் என் படம் புரியவில்லை. ஆனால் பிரம்மச்சாரிகள் வாசலில் செருப்பைக் குவிப்பதும் கை கழுவும்போது காறுவதும் அவருக்கு வெகுநாளாகப் பிடிக்காது. "பையன் சயன்ஸ் படிச்சவன்" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் என் கொள்கையைப் பரிசோதனையால் நிரூபிக்க விரும்பினேன். ஒரு வாளி வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்து எங்கள் மோரியில் ஊற்றினேன். பசை இளகிக் கீழே போக வேண்டும். போகவில்லை. மொத்தமும் செக்ரட்டரி வீட்டில் நுரையோடு எழும்பியது. மாமியின் மோரியில் ஒரு சொட்டு வரவில்லை. அடைப்பு இருவர் வீட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது, அங்கே வந்து சேர்வது மேல்வீட்டுத் தண்ணீர் மட்டும்தான் என்பதை ஸ்கூல் பையன்கூடச் சொல்லியிருப்பான். பரிசோதனை என் கொள்கையை மறுத்தது. நான் பரிசோதனையை மறுத்தேன். சோடா மட்டம் என்றேன்.

பிறகு அந்த மனு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எனக்குக் கொடுத்த பயிற்சியை ஒதுக்கிவிட்டு, கட்டட முதலாளிக்கு இரண்டு பக்கம் இங்கிலீஷில் அடித்தேன். சுகாதாரம், குடித்தனக்காரர் உரிமை, நவீன நகர வாழ்க்கை எல்லாம் அதில் இருந்தன. செக்ரட்டரி கையெழுத்துப் போட்டார். நாலே நாளில் பதில் வந்தது: மாத முடிவுக்குள் மெஸ்ஸை மூட வேண்டும். என் இங்கிலீஷுக்கு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்ததில்லை.

செய்தி பந்தியில் பரவியது. நாலு பேர் அந்த வாரமே வேறு மெஸ் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். மாமி என்னிடம் சண்டைக்கு வரவில்லை. தாராவியிலிருந்து ஒரு குழாய் வேலைக்காரரை ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் குழாயைத் திறக்க வேண்டும் என்று செக்ரட்டரியிடம் சொன்னாள். "என் கஞ்சி உள்ள இருந்தா நாளைக்கே அடுப்பை அணைச்சுடறேன்."

வேலைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஏணியில் நின்று ஸ்பேனரால் குழாயைத் தட்டிக்கொண்டே வந்தார். முதல் மாடிக் குழாய் வந்து சேரும் இடத்துக்கு ஒரு சாண் கீழே சத்தம் மந்தமாக மாறியது.

"இந்தா கெடக்கு. கீழ்வீட்டுத் தண்ணி இதுக்கும் கீழல்லா சேருது. அந்தம்மா எதக் கொட்டுனாலும் இங்கன ஏறி வந்து உக்காராதே. எவன் சொன்னான்?"

"அழுத்தம்..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லே."

மூடியைக் கழற்றிக் கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தார். தேங்காய் நாரும் புளிச் சக்கையும் காபித் தூளும் உருண்டையாக வந்தன. உருண்டையை இறுக்கிக் கட்டியதுபோல் ஏதோ நூல். ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு அலசிப் படிக்கட்டில் போட்டார். நாலு பூணூல்கள், சேர்த்து ஒரே முடிச்சாக.

எல்லோரும் அண்ணாந்து மேல்மாடிகளைப் பார்த்தார்கள். இரண்டாவது மாடியில் சிந்திக் குடும்பம், பூணூல் கிடையாது. செக்ரட்டரிக்கு ஒன்றே ஒன்று. ஒரு தடவைக்கு நாலு பூணூல் மாற்றும் வீடு அந்தக் குழாயின் மேல் ஒன்றுதான் இருந்தது: அப்பாவும் நாங்கள் மூன்று பிள்ளைகளும்.

ஆவணி அவிட்டத்தன்று கழற்றிய பழைய பூணூல்களை அப்பா என் கையில் கொடுத்து, "கால் படற எடத்துல போடாதே, ஓடற ஜலத்துல விடு" என்றார். மாஹிம் கடற்கரைக்குப் போயிருக்க வேண்டும். மழை கொட்டியது, எனக்கோ மேட்னி ஷோவுக்கு நேரமாகிவிட்டது. மோரியில் ஓடுவதும் ஜலம்தானே, கடைசியில் அதுவும் கடலுக்குத்தானே போகிறது என்று தர்க்கம் பண்ணினேன். சிதறாமல் போகட்டும் என்று நாலையும் முடிச்சுப் போட்டு, துவாரத் தகட்டைத் தூக்கி உள்ளே விட்டு, இரண்டு சொம்புத் தண்ணீரும் ஊற்றினேன். சாஸ்திரத்தையும் சயன்ஸையும் ஒரே நிமிஷத்தில் சமாதானம் செய்து வைத்துவிட்டதாகப் பெருமை வேறு. இடைவேளைவரை அந்தப் பெருமை இருந்தது.

"சமுத்திரத்துல விட்டுட்டேன்னியே" என்றார் அப்பா.

"கடைசில அங்கதான் போகும்னு..."

"போயிருக்கும் தம்பி" என்றார் ஏணிக்காரர். "தனித்தனியா விட்டிருந்தா போயிருந்தாலும் போயிருக்கும். நீரு முடிச்சில்லா போட்டிருக்கீரு."

அன்று மாலையே முதலாளிக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். குற்றம் சாட்ட இரண்டு பக்கம் வந்த இங்கிலீஷ், ஒப்புக்கொள்ள மூன்று வரிக்குமேல் வரவில்லை. அதிலும் 'தவறு' என்ற சொல்லையே தவறாக அடித்திருந்தேன். செக்ரட்டரி அதைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல். மூடும் உத்தரவை ரத்து செய்து முதலாளியிடமிருந்து பதில் வந்தது.

கடிதத்தை மாமியிடம் காட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இதை வெச்சுண்டு நான் என்ன பண்ண? என் பசங்க இங்கிலீஷ் லெட்டரைப் படிச்சுட்டா சாப்பிட வரா? நாளைக்குக் காலம்பற பந்தில வந்து நீயே சொல்லு."

சொன்னேன். ஆபீஸ் சட்டையோடு பதினாறு பேர் வரிசையாக உட்கார்ந்து குழம்புச் சாதம் பிசைந்துகொண்டிருந்தார்கள். குழாயின் அமைப்பிலிருந்து தொடங்கினேன்.

"அதை விடு, விஷயத்துக்கு வா" என்றாள் மாமி, கரண்டியும் கையுமாக.

விஷயத்துக்கு வந்தேன். மூலையில் ஒருவருக்குப் புரையேறியது. "நாலும் உம்மோடதா ஓய்?" என்று இன்னொருவர் கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. ஆனால் யாரும் இனி வேறு மெஸ் தேட மாட்டார்கள் என்பது, ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டு அவர்கள் காத்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

போய்விட்ட நாலு பேரையும் தேடிப் போவது என் வேலையாயிற்று. மூன்று பேர் பக்கத்துத் தெருவில் ஒரே அறையில் இருந்தார்கள். கதையைக் கேட்டுவிட்டு மறுநாளே திரும்பினார்கள். நாலாமவர் சயானில் இருந்தார். மெஸ் தொடங்கிய நாளிலிருந்து மாமியிடம் சாப்பிட்டவர். புது இடம் பரவாயில்லை, பார்க்கலாம் என்றார்.

அதை வந்து மாமியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்னன்னு சொன்னே அவன்கிட்ட?"

"குழாய்ல இருந்தது உங்க கஞ்சி இல்லை, எங்காத்து அழுக்குன்னு சொன்னேன்."

"எங்காத்து அழுக்கா? ஒங்காத்துல நாலு பேர் இருக்கா. யார் போட்டதுன்னு சொன்னியா?"

"பொதுவா எங்காத்துன்னு..." என்று இழுத்தேன்.

"சயான் என்ன, கூப்பிடற தூரம்" என்றாள் மாமி, அரிசியிலிருந்து தலையைத் தூக்காமல். "போயிட்டு வா."

போனேன்.