காருக்குக் கீழே ஒருவர்

எதிர்வீட்டுக்காரரின் முகத்தைவிட அவர் பாதங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பீங்கான் சூளையில் ஷிப்ட் வேலை. வெடித்த குதிகால்களில் வெள்ளை மண் படிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தன் பழைய காருக்குக் கீழே அட்டையை விரித்துப் படுத்துவிடுவார். மதியம்வரை பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். பார்ட்ஸைத் தானே வாங்கி, தானே மாட்டிக்கொள்பவர் என்று தெருவில் அவருக்குப் பெயர்.

ஒரு ஞாயிறு என் காருக்கு ஃபேன் பெல்ட் வாங்கினேன். "மாட்ட ஆள் இருக்குதுங்களா?" என்றார் கடைக்காரர். எதிர்வீட்டுக்காரர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, நேரே அவரிடம் போய்க் குனிந்து பார்த்தேன். ஸ்பானரை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தார்.

"வண்டிக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் ஓடுது." கண்ணைத் திறக்கவில்லை. "கட்டில்ல படுத்தா ஆளாளுக்கு ஒரு வேல சொல்றாங்க. இங்க படுத்தா, பாவம், வேல செய்றாருன்னு வுட்டுடறாங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி கூப்பிட்டார். இவர் படுத்தபடியே ஸ்பானரால் வண்டியின் அடியில் இரண்டு தட்டு தட்டினார். குரல் அடங்கியது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "சும்மாதாங்க. போயிட்டு வரேன்."

அதை அரைநாள் மல்லுக்கட்டி நானே மாட்டினேன். இப்போதெல்லாம் எதிர்வீட்டில் ஸ்பானர் சத்தம் கேட்டால், யாரோ அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.