ஐநூறு ரூபாய் அபராதத்தைக் கேட்டு வாங்கிய முத்தியால மடுவுப் பயணம்

மலேசியாவின் ஈப்போ நகரில் லாரி மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போன பிப்ரவரியில் மனைவி ஸ்டெல்லாவின் ஊரான பெங்களூருக்குக் குடிவந்தேன். மர்பி டவுனில் அவள் பிறந்த வீட்டிலேயே இருக்கிறோம். வந்த மாதமே பழைய 350 சிசி வண்டி ஒன்றை வாங்கினோம். ஆர்.சி. அவள் பெயரில். என்னிடம் இருப்பது மலேசிய லைசென்சும், வெளிநாட்டில் ஓட்டுவதற்கான சாம்பல் நிறப் பன்னாட்டு பர்மிட் புத்தகமும். இரண்டிலும் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி உண்டு.

அந்தச் சாம்பல் புத்தகத்தைப் பார்த்தாலே இங்கே சாலையோரம் நிற்கும் சில போலீஸ்காரர்களுக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. வெளிநாட்டுக்காரன், ஊர்ச் சட்டம் தெரியாதவன், வம்புக்கு அஞ்சுகிறவன் என்று கணக்குப் போடுகிறார்கள். மூன்று முறை நிறுத்தி, "இது செல்லாது" என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். மூன்று முறையும் ரசீது கிடையாது. நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆனால் எஞ்சினைப் படித்தது போலவே மோட்டார் வாகனச் சட்டத்தையும் உட்கார்ந்து படித்தேன். புத்தகம் செல்லும். என் பணம்தான் அநியாயமாகப் போயிருக்கிறது.

மூன்றாவது முறை ஸ்டெல்லாவும் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொன்னாள். "இன்னொரு தடவை ரசீது இல்லாம ஒரு ரூபா குடுத்தீங்க, வண்டி தம்பிக்குப் போயிடும். சொல்லிட்டேன்."

தம்பி என்றால் என் மச்சான் அந்தோணி. அடுத்த தெருவில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். "அக்கா சொன்னா சொன்னதுதான் மாமா" என்றான் பணிவாக. அந்த வாரமே, "சனிக்கிழமை எங்கயாவது ஒரு ரவுண்டு போலாமா மாமா? நானும் வரேன்" என்று கேட்டான். இந்தத் திடீர்ப் பாசத்தின் காரணம் எனக்குப் பாதி வழியில்தான் புரிந்தது.

ஆனேக்கல் அருகே இருக்கும் முத்தியால மடுவு அருவிக்குப் போவதாக முடிவு செய்தோம். மர்பி டவுனிலிருந்து சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வரும். அக்டோபர் மாதம், மழை ஓய்ந்து அருவியில் தண்ணீர் இருக்கும் பருவம். நானூறு ரூபாய்க்குப் பெட்ரோல். ஸ்டெல்லா எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள். காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

நீங்களும் போவதாக இருந்தால் இதே நேரத்தில் கிளம்புங்கள். எட்டு மணிக்கு மேல் ஓசூர் ரோட்டில் கம்பெனி கேப்களுக்கு நடுவில் ஊர்ந்துதான் போக வேண்டும். நாங்கள் மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்ச் சாலையிலேயே போய், எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஒரு கடையில் இட்லி, காபி சாப்பிட்டோம். இருவருக்கும் சேர்த்து நூற்றுப் பத்து ரூபாய். சட்னி பிரமாதம்.

சந்தாபுரா போகும் வழியில் ஓர் இடத்தில் கைகாட்டி நிறுத்தினார்கள். இடத்தைச் சொல்லப் போவதில்லை. ஆளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு கான்ஸ்டபிள், நாற்பது வயது இருக்கும். நிறுத்தியதும் முதல் வேலையாக வண்டிச் சாவியை உருவிக்கொண்டார்.

"பின்னாடி ஹெல்மெட் எல்லி?" என்றார். எங்கே என்கிறார்.

திரும்பிப் பார்த்தேன். காபி குடித்த இடத்தில் கழற்றிய ஹெல்மெட்டை அந்தோணி முழங்கையில் மாட்டியிருந்தான். "வேர்க்குது மாமா" என்றான்.

தப்பு எங்களுடையதுதான். பின்னால் உட்கார்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அபராதம் ஐநூறு ரூபாய். அதைக் கட்ட நான் தயார். கான்ஸ்டபிள் என் சாம்பல் புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"ஃபாரினா சார்? கோர்ட்டு, கேசுன்னு போனா ஊருக்கே போக முடியாது. முந்நூறு குடுத்துட்டு ஹோகி." கொடுத்துவிட்டுப் போகலாமாம்.

"முந்நூறு வேண்டாம். ஐநூறு வாங்குங்க. மெஷின்ல போடுங்க. ரசீதி கொடி." கன்னடத்தில் நான் முதலில் கற்றுக்கொண்டதே அந்த இரண்டு சொற்கள்தான்.

"மெஷின் என்கிட்ட இல்ல. ஆபீசர்கிட்ட இருக்கு."

"அவர் வரட்டும்."

"பத்து மணி ஆகும்."

"எனக்கு இன்னிக்கு வேலை கிடையாது. அப்புறம், சாவியை எடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை."

"லாயரா சார்?"

"மெக்கானிக்."

அந்தோணி என்னை ஓரமாக இழுத்தான். "மாமா, அவர் முந்நூறு கேக்கறார், நீங்க ஐநூறு குடுக்கறேன்னு சண்டை போடறீங்க. இப்படி ஒரு பேரத்தை நான் பாத்ததே இல்ல. குடுத்துட்டு வாங்க, அக்காகிட்ட நான் மூச்சு விட மாட்டேன்." அவன் பார்வை பெட்ரோல் டேங்கைத் தடவிக்கொண்டிருந்தது. மூச்சு விட மாட்டானாம்! நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அக்காவுக்குச் செய்தியும் அவனுக்கு வண்டியும் போயிருக்கும்.

"அப்ப நானே குடுக்கறேன்" என்று பர்ஸை எடுத்தான்.

"உன் பர்ஸ் திறந்துச்சுன்னா உன் அக்காவைக் கூட்டிக்கிட்டு ஈப்போவுக்கே போயிடுவேன்" என்றேன். பர்ஸ் உள்ளே போனது.

சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். கால் மணி நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தப்பட்டது. ஓட்டி வந்தவர் டேனியல், கென்யாவிலிருந்து வந்து இங்கே படிக்கிற இளைஞர். கேட்பதற்கு முன்பே இருநூறு ரூபாயைப் பர்மிட்டுக்குள் மடித்து நீட்டினார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்", கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று சுத்தமான கன்னடத்தில் சொன்னார்.

கான்ஸ்டபிள் வாங்குவதற்குள், என்ன தப்பு செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒன்றும் இல்லையாம். ஹெல்மெட் இருக்கிறது, காகிதங்கள் இருக்கின்றன. பிறகு எதற்குப் பணம்? "எப்போதும் கொடுப்பதுதான் அங்கிள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கான்ஸ்டபிள் மேல் அல்ல, அந்த 'எப்போதும்' மேல். ஒரு முட்டையைக் கொடுத்து உட்காரச் சொன்னேன். ஆபீசர் வருவார், தப்பு இருந்தால் ரசீதோடு கட்டுங்கள், இல்லாவிட்டால் சும்மா போங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். இருநூறைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. அந்தோணியின் வாய்தான் பொறுப்பு. சும்மா உட்கார அவனால் முடியாது. நிறுத்தப்பட்ட ஒவ்வொருவரும் "என்ன இங்க கூட்டம்?" என்று கேட்க, "ஆபீசர் வர்றாரு, மெஷின்ல கட்டினா ரசீது. வாங்க, நிழல்ல உக்காருங்க" என்று கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவன் போல அழைத்தான். ஒன்பதரை மணிக்கு மரத்தடியில் எட்டு வண்டிகள். ஒருவர்கூட கான்ஸ்டபிளிடம் காசு நீட்டவில்லை. பக்கத்தில் ஒரு டீக்காரர் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

கான்ஸ்டபிள் என்னிடம் வந்தார். சாவியை நீட்டினார். "சார், ஃபைனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க ஹோகி."

"மாமா, சும்மா விடறாரு!" என்று அந்தோணி குதித்தான்.

உண்மையைச் சொல்கிறேன், சாவியை வாங்க என் கை நீண்டது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை, வண்டி என்னுடையதுதான், ஸ்டெல்லாவின் நிபந்தனை அதோடு தீர்ந்தது. ஆனால் நான் எழுந்து போனால் அடுத்த நிமிடமே டேனியலின் இருநூறு வெளியே வரும். கையை மடக்கிக்கொண்டேன்.

"ஹெல்மெட் போடாதது தப்பு. அபராதம் கட்டாம போறதும் தப்பு. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் தோளில் நட்சத்திரத்தோடு அதிகாரி வந்தார். மரத்தடியைப் பார்த்தார், கான்ஸ்டபிளைப் பார்த்தார். என் புத்தகத்தில் மோட்டார் சைக்கிள் முத்திரை இருக்கும் பக்கத்தைத் தானே சரியாகத் திறந்து, "சரி இதெ, செல்லும்" என்றார். பின்னிருக்கை ஹெல்மெட்டுக்கு ஐநூறு ரூபாய். போனில் கட்டினேன், மெஷின் ரசீதைத் துப்பியது. டேனியலின் காகிதங்களைப் பார்த்து அரை நிமிடத்தில் அனுப்பிவிட்டார். கான்ஸ்டபிள் கையில் இருந்த என் சாவி அப்போதுதான் அதிகாரியின் கண்ணில் பட்டது. உள்ளங்கையை மட்டும் நீட்டினார். சாவி அவர் கைக்கு வந்து, அங்கிருந்து என் கைக்கு வந்தது. மரத்தடியில் யாரோ விசில் அடித்தார்கள்.

ஆனேக்கல் தாண்டி ஐந்து கிலோமீட்டரில் முத்தியால மடுவு. பள்ளத்துக்குள் நிறையப் படிகள் இறங்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அருவி மெல்லியதுதான், ஆனால் நேராக விழுகிறது. குரங்குகளிடம் பையைக் காட்டாதீர்கள். எங்களிடம் காட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

படியில் இருக்கும்போதே ஸ்டெல்லா போன் செய்தாள். வண்டி அவள் பெயரில் இருப்பதால் அபராதச் செய்தி அவளுக்குப் போயிருந்தது.

"ஐநூறு ரூபாயா? யாரு ஹெல்மெட் போடல?"

"உன் தம்பி."

"அவன்கிட்ட போனைக் குடுங்க" என்றாள். அருவிச் சத்தத்தையும் மீறி அவள் பேசியது எனக்குக் கேட்டது. அந்தோணி ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "சரிக்கா."

என்னைப் போல வெளிநாட்டு லைசென்சோடு இங்கே வண்டி ஓட்டுபவர்களுக்குச் சொல்கிறேன். பன்னாட்டு பர்மிட்டில் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்து வாங்குங்கள். அது ஒரு வருடம்தான் செல்லும், அதற்குள் உள்ளூர் லைசென்ஸ் எடுங்கள். அபராதம் போடும் அதிகாரம் நட்சத்திரம் உள்ளவருக்குத்தான். தப்பு செய்திருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், குரலை உயர்த்தாதீர்கள், ரசீது கேளுங்கள். பையில் சாப்பாடு இருக்கட்டும். நமக்கு நேரமில்லை என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

போன சனிக்கிழமை தளி ஏரி பார்க்க அதே வழியில் போனேன். அதே மரம், அதே கான்ஸ்டபிள். தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஹோகி சார், ஹோகி" என்று அவசரமாகக் கைகாட்டினார். அது எப்படி? பரிசோதனை என்றால் எல்லோருக்கும்தானே? வண்டியை ஓரம் கட்டி, சாம்பல் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, முழுவதும் பார்த்து முடிக்கும்வரை நின்றேன்.