படியில்லாத ரயிலில் ஹெக்கெடால் வரை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் எங்கள் தொடர்மாடியின் லிப்ட் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது இவர் தன் நிபந்தனையை மறுபடியும் சொன்னார்.

"ஒருக்கா வாறன். படியில்லை எண்டு நீர் சொல்லுறீர், பாப்பம். ஆராவது என்னைத் தூக்க வேண்டி வந்தால் அதோடை சரி. பிறகு ரயில் எண்ட கதையே வீட்டிலை எடுக்கக் கூடாது."

"ஓம்" என்றேன்.

இவர் என் கணவர். சீனி வருத்தத்தால் இவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு குளிர்காலங்கள் ஆகின்றன. செயற்கைக் கால் பொருந்தவில்லை. போட்டால் புண் வருகிறது. ஆகவே சக்கர நாற்காலிதான். போன வருடம் ஒருமுறை பழைய ரயிலில் ஏறப் போனோம். வாசலில் இரண்டு படிகள். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அதில் ஒருவர் நல்ல மனதோடுதான் இவருடைய தலையைத் தடவிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வைத்தியசாலையைத் தவிர இவர் வேறெங்கும் வரவில்லை. அங்கேயும் டாக்சியில்தான் போவார்.

இந்தக் குளிர்காலம் எங்கள் வழித்தடத்தில் புதிய ரயில்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. எங்கள் பல்கனியில் நின்றால் பள்ளத்தாக்கில் அவை போவது தெரியும். பழையவையும் இன்னும் ஓடுகின்றன. நான் ஒருநாள் தனியாகப் போய், இரண்டு பழைய ரயில்களைப் போகவிட்டு, புதியதில் ஏறி இரண்டு நிலையம் தள்ளியுள்ள ஆல்னா வரை போய்த் திரும்பினேன். கதவு திறக்கும்போது அதன் அடியிலிருந்து ஒரு தட்டு வெளியே வந்து மேடையைத் தொடுகிறது. உள்ளே தரை ஒரே மட்டம். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இவரிடம் பேச்செடுத்தேன்.

போகும் இடம் ஹெக்கெடால். ஒஸ்லோவைக் கடந்து, அஸ்கரையும் தாண்டி இருக்கிற சின்ன ஊர். குரோருட்டிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அங்கே செல்வம் அண்ணை இருக்கிறார். நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் இவரும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். கால் எடுத்த பிறகு இவர் அவரைச் சந்திக்கவில்லை. வருகிறேன் என்று அவர் சொன்னாலும் இவர் ஏதாவது சாட்டுச் சொல்லிவிடுவார்.

வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை இறக்கம். தெருவில் பனி பாதி உருகியிருந்தது. வழுக்காமல் இருக்கப் போட்ட சின்னக் கற்கள் நாற்காலிச் சில்லின் கீழ் நொறுங்கின. நாற்காலியின் கைபிடிகளில் இரண்டு பைகள் தொங்கின. ஒன்றில் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியும் புட்டும். மற்றதில் பயத்தம் உருண்டை, மிளகாய்த் தூள், இரண்டு போத்தல் ஊறுகாய்.

"அங்கை கடை இல்லையோ?" என்று கேட்டார்.

"வெறுங்கையோடை எப்பிடிப் போறது?"

நாற்காலி தந்தபோது, அதைப் பழக்க வந்த பிள்ளை ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். ஒரு கால் இல்லாதவருக்கு முன்பக்கம் பாரம் குறைவு, ஆகவே பின்னால் எதையும் தொங்கவிட வேண்டாம் என்றாள். எனக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனால் அவள் சொன்னது கடைச் சாமான் மூட்டைகளை என்றுதான் நினைத்தேன். சாப்பாடு பாரமாக என் மனதில் படவில்லை.

மேடையில் நின்றபோது என் கண் முழுவதும் தண்டவாளத்தின் வளைவில் இருந்தது. பழையது வந்தால் இவர் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வந்தது புதியது. கதவில் நாற்காலிப் படம் போட்ட நீலப் பொத்தானை அழுத்தினேன். தட்டு வந்தது. ஒரு குலுக்கலும் இல்லாமல் உள்ளே போனோம். இவர் கையால் தரையைக் காட்டி, பிறகு என்னைப் பார்த்தார்.

உள்ளே புதுச் சாமானின் வாசனை. பெரிய ஜன்னல்கள். நாற்காலி நிற்கிற இடத்தில் சுவரோடு மடிகிற இருக்கைகள். எதிரே மண்ணிறக் கம்பளித் தொப்பி போட்ட வயதான நோர்வே பெண் ஒருவர், மடியில் பின்னல் வேலையோடு இருந்தார். பயணச்சீட்டு ஒருவருக்குத்தான். துணைக்குப் போகிறவருக்கான அட்டை இருந்தால் மற்றவருக்கு இலவசம். அந்த அட்டை எடுத்த நாளிலிருந்து அன்றுதான் பயன்பட்டது.

ப்ரின் கடந்து ஒஸ்லோ மத்திய நிலையத்தில் கூட்டம் ஏறியது. பனிச்சறுக்குத் தடிகளோடு ஒரு குடும்பம், குழந்தை வண்டிகள் இரண்டு. ஒவ்வொரு முறையும் இவர் நாற்காலியைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டார். லீசாக்கர் தாண்டிய பிறகு கடல் அங்கங்கே தெரிந்தது. கரையோரம் மட்டும் உறைந்திருந்தது. நான் கடலை ரசிக்கவில்லை. இறங்குகிற இடத்தில் மேடை எப்படி இருக்குமோ என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆல்னாவைப் பார்த்தேனே தவிர ஹெக்கெடாலைப் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்குப் பிறகு ஹெக்கெடால் வந்தது. கதவு திறந்தது, தட்டு மேடையைத் தொட்டது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேடை விளிம்பில் மட்டும் கைப்பிடியளவு பனி இறுகிக் கிடந்தது. முன் சில்லு அதில் முட்டியது. வழக்கம்போல் கைபிடிகளைக் கீழே அழுத்தி முன்பக்கத்தை உயர்த்தினேன். உயர்ந்தது நிற்கவில்லை. இரண்டு பைகளும் பின்னால் இழுக்க, நாற்காலி இவரோடு என் மேல் சாயத் தொடங்கியது. என் இரண்டு கைகளும் நெஞ்சும் அதைத் தாங்கின. என்னால் முன்னுக்கும் தள்ள முடியவில்லை, பின்னுக்கும் போக முடியவில்லை. கதவு மூடப் போகிறது என்று ஒலி கேட்கத் தொடங்கியது.

நோர்வேஜிய மொழியில் ஒரு சொல்லும் என் வாயில் வரவில்லை. முப்பது வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன்.

"வென்ட்!" என்று இவர் கத்தினார். "ஏ ஸ்கா ஆவ்!"

பொறு, நான் இறங்க வேண்டும் என்று அர்த்தம். ஒஸ்லோக்காரர் அப்படிச் சொல்லமாட்டார்கள். அது வடக்குப் பேச்சு, மீன் தொழிற்சாலையில் இவர் படித்த பேச்சு. ரயிலில் எல்லோரும் திரும்பினார்கள். தொப்பி போட்ட பெண் பின்னலை எறிந்துவிட்டு வந்து நாற்காலியின் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அழுத்தினார். கதவு மூடாமல் திரும்பித் திறந்தது. நடத்துனர் பெண் ஓடிவந்து மற்றப் பக்கம் பிடித்தாள். சில்லுகள் நான்கும் தரையில் பட்டன. அந்த நேரம் பார்த்து இடது பையின் காது அறுந்தது.

சட்டி கவிழ்ந்தது. புது ரயிலின் சாம்பல் நிறத் தரையில் ஆட்டுக்கறி சிவப்பாக ஓடியது. பெட்டி முழுவதும் கறித்தூள் வாசனை. நான் முழங்காலில் இருந்து என் கழுத்துத் துணியால் துடைக்கத் தொடங்கினேன். அப்படியே தரைக்குள் போய்விட்டால் நல்லது என்று இருந்தது.

"விடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றாள் நடத்துனர்.

இவர் அவளிடம் வடக்குப் பேச்சிலேயே ஏதோ சொன்னார். இந்த ரயிலுக்கு இன்றைக்குத்தான் ஒழுங்கான சாப்பாடு கிடைத்திருக்கிறது என்று. அவள் சிரித்துவிட்டாள். தொப்பிக்காரப் பெண், நீங்கள் வடக்கே பின்மார்க்கில் எந்த ஊர் என்று கேட்டார். அவர் ஹம்மர்பெஸ்டாம், அதே பக்கம்.

"பாட்ஸ்பியோர்ட்" என்றார் இவர், அங்கேயே பிறந்தவரைப் போல.

ரயில் போய்விட்டது. நாங்கள் இறங்கிய மேடையில் காத்திருந்த செல்வம் அண்ணை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"டேய் மச்சான், எனக்குக் கொண்டுவந்த கறியை ரயிலுக்குப் படைச்சிட்டியோ?"

"உனக்குக் கொழுப்புக் கூட எண்டு ராணி சொன்னவ. அதுதான்."

இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் இவர் பேச்சைக் குறைத்துவிட்டார். ராணி அக்கா, செல்வம் அண்ணையின் மனைவி, சாப்பாடு பரிமாறினார். ஆண்கள் இருவரும் மீன் தொழிற்சாலையின் பழைய போர்மனைத் திட்டினார்கள். நிபந்தனை என்ன ஆகப்போகிறது என்பதுதான் என் மனதில். குசினியில் பாத்திரம் கழுவும்போது ராணி அக்காவிடம் சொன்னேன்.

"ரெண்டு பேர் பிடிச்சவை அக்கா. இனி வரமாட்டார்."

"கேளுமன் அவரை."

"நான் கேட்கமாட்டன்."

நான்கு மணிக்குப் புறப்பட்டோம். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. டாக்சி எடுப்போமா என்று செல்வம் அண்ணை கேட்டார். இவர் நாற்காலியை நிலையத்துப் பக்கம் திருப்பினார். ராணி அக்கா தந்த பையை நான் கைபிடியில் கொளுவப் போனேன். இவர் கையை நீட்டி வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மேடையில் நாங்கள் இருவர் மட்டும். வந்தது பழைய ரயில். இரண்டு படிகள். நடத்துனர் இறங்கி வந்து இவரைப் பார்த்தார், உள்ளே திரும்பி யாரோ இருவரைக் கூப்பிட்டார். அவர்கள் எழுந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது.

"வேண்டாம், நன்றி. நாங்கள் அடுத்ததில் வருகிறோம்" என்றார் இவர் அவர்களுடைய மொழியில். ரயில் போய்விட்டது. அடுத்தது அரை மணித்தியாலம் கழித்து. அதுவும் பழையதாக இருக்கலாம்.

"குளிருமே" என்றேன்.

"குளிரட்டும்."

பிறகு இவரே சொன்னார்: "காலமை அவை தூக்கேல்லை. நீர் கவிழ்த்தனீர், அவை பிடிச்சவை. அது கணக்கில்லை."

ஊரில், யாழ்ப்பாணத்துக் கொடிகாமம் நிலையத்தில் இப்படி ஒருவர் நின்றால் பத்துக் கைகள் வந்து அவரைத் தூக்கி உள்ளே வைத்துவிடும். கேட்கவே மாட்டார்கள். எங்கள் ஊரின் நல்ல குணம் அது என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தூக்கப்படுகிறவரிடம் கேட்டதில்லை. கதவின் கீழிருந்து வருகிற அந்தத் தட்டுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. அது தலையையும் தடவாது.

வளைவில் வெளிச்சம் தெரிந்தது. முகப்பைக் கண்டதும் எனக்கு மூச்சு வந்தது. புதியது. இவர் நீலப் பொத்தானைத் தானே அழுத்தினார். தட்டு வந்து மேடையைத் தொட்டது. நான் கைபிடியைப் பிடிக்கப் போனேன்.

"விடும்" என்றார்.

பை மடியில் இருக்க, இரண்டு கையாலும் சில்லை உருட்டி உள்ளே போனார். வெறுங்கையோடு நான் பின்னால் ஏறினேன்.