தானாகத் திறக்கும் பக்கம்

கண்ணை மூடிக்கொண்டு, தடித்த புத்தகத்தை இடது உள்ளங்கையில் நிறுத்தி, தானாக விரியவிட்டு, விரிந்த பக்கத்தில் ஆள்காட்டி விரலை ஊன்றுகிறார் லத்தீன் வாத்தியார் எர்சிலியோ தி பெனினோ. எதிரே, ஆப்பிரிக்காவில் அபிசீனியாவைப் பிடிக்கும் போருக்குக் கப்பலேறப்போகும் சிப்பாய் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நிற்கிறான். பழைய ரோமானியக் காவியத்தில் குறி பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் போருக்குப் போவார்கள்.

"என்ன வந்திருக்கு, வாத்தியாரே?"

"ரோம் உலகத்தை ஆளும்னு தெய்வம் சொல்ற இடம்ப்பா. தைரியமா போயிட்டு வா."

அதுவரை வந்த பதினொரு சிப்பாய்களுக்கும் அதே இடம்தான் வந்தது. அவருடைய பள்ளியிலேயே கணக்குச் சொல்லித்தரும் எனக்கு அது உறுத்தியது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் தையல் தளரும்படி முதுகை ஒடித்துவைத்திருக்கிறார்.

"எப்படியும் போகத்தான் போறானுங்க. நடுங்கிக்கிட்டே ஏன் போகணும்?" என்றார்.

வகுப்பில் அவர் வேறு ஆள். அதே காவியத்தை, ஊர் எரிந்து படகில் தப்பிவந்த ஓர் அகதியின் கதையாகத்தான் நடத்துவார். காபிக் கடையில் யாராவது போரைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார்; காவியத்தில் போர்க்களம் வந்தால் காபியை ஆறவிட்டுப் படிப்பார். ஆளும் கட்சியின் உறுப்பினர் அட்டையும் உண்டு. அது இல்லாவிட்டால் வேலை இல்லை.

கட்சிச் செயலாளர் ஸ்பதோனிக்குக் காவியத்தில் அந்த ஒரு பக்கம் போதும். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே ஆப்பிரிக்கா நம்மளதுன்னு எழுதிவெச்சிட்டாங்கய்யா!" என்று ஊர்ப் பத்திரிகையில் வாத்தியாரின் விரலைப் படமாகவே போட்டுவிட்டார். அதன்பின், படையில் சேர அழைப்பு வராதவர்களும் குறி கேட்டு வரத் தொடங்கினார்கள்.

அப்படி வந்தவன் கொத்தனார் நெல்லோ. வேலையில்லை, இரண்டு குழந்தைகள். நல்ல குறி வந்தால் படையில் சேரக் கையெழுத்துப் போடுவதாக இருந்தான். அவன் குறி கேட்பதற்கு முந்தின நாளே அவன் மனைவி செசிரா சலவைக் கூடையோடு வாத்தியாரை வழிமறித்தாள்.

"என் வீட்டுக்காரரை ராஜாவா கூப்பிட்டாரு? உங்க விரல்தான் கூப்பிடுது. கொஞ்சம் தள்ளி வெச்சா தேய்ஞ்சா போயிடும்?"

ஞாயிற்றுக்கிழமை காபிக் கடையில், படிவத்தையும் பேனாவையும் மேசைமேல் பரப்பிவைத்துக்கொண்டு ஸ்பதோனி உட்கார்ந்திருந்தார். புத்தகம் வழக்கமான இடத்திலேயே திறந்துகொண்டது. வாத்தியார் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எல்லார் முன்னிலையிலும் தாள்களைக் கொத்தாகத் தள்ளி, கடைசிப் பக்கத்தில் விரலை ஊன்றினார்.

"என்ன வாத்தியாரே, சீட்டாட்டமா?" என்றார் ஸ்பதோனி. "பள்ளிக்கூட ஆய்வாளர் என் மச்சான். மறந்துடலையே?"

"அதுல என்ன வருது?" என்று நெல்லோ எட்டிப் பார்த்தான்.

"தோத்தவன் மண்டிபோட்டுக் கெஞ்சுறான்."

"விட்டுட்டாங்களா?"

"இல்ல. நம்மாளு குத்திட்டான். அதோட காவியம் முடிஞ்சுபோச்சு."

"அப்ப இது நல்ல குறியா, கெட்ட குறியா?"

"ஜெயிச்சது நாமதானேடா!" ஸ்பதோனி பேனாவை அவன் விரல்களுக்குள் திணித்தார். "போடு கையெழுத்தை."

நெல்லோ குனிந்தான். வாத்தியார் அவன் கைக்கடியிலிருந்து படிவத்தை உருவி, புத்தகத்துக்குள் செருகி, மூடி, நாற்காலியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.