நீலத் தீயும் புள்ளி எட்டும்

எங்கள் கொதிகலன் கம்பெனியின் வரைபட அறையில் அந்தப் பொறியாளருக்குப் பெயர் 'புள்ளி எட்டு'. அடுப்பில் எரியும் வாயு எவ்வளவு வெப்பத்தைக் கதிராக வீசும் என்று மதிப்பிட ஓர் எண் வேண்டும். எது எரிந்தாலும், அடுப்பு எவ்வளவு பெரியதானாலும் அவர் போடுவது 0.8 என்ற அந்த ஒரே எண்தான். காரணம் கேட்டால், "நான் எத்தனை பாய்லர் பாத்திருக்கேன்" என்பார். அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது?

பலித்தும் வந்தது, அதுதான் கொடுமை. எண்ணெய்த் தீயில் கரித்துகள் நிறைய. மஞ்சளாகத் தகதகவென்று எரிந்து, அடுப்புச் சுவரிலுள்ள தண்ணீர்க் குழாய்களுக்குச் சூட்டை வாரி வழங்கும். தீ செய்த புண்ணியத்தையெல்லாம் இவர் தன் மூளை செய்ததாக நினைத்துக்கொண்டார்.

பிறகு ஓர் ஆலை எரிவாயுவுக்கு மாறியது. புதுக் கணக்கு கேட்டார்கள். இவர் எரிபொருளின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். வாயுத் தீ நீலமாக, பார்க்க லட்சணமாக எரிந்தது. கரி இல்லை, பழைய கதிர்வீச்சில் பாதியும் இல்லை. சுவர் வாங்காத சூடு புகையோடு மேலேறி, அங்கிருந்த நீராவிக் குழாய்களைப் பழுக்கக் காய்ச்சியது. கொஞ்ச நாளில் ஒரு குழாய் வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

அன்று கொதிகலனை ஓட்டியவன் அவருடைய மச்சினன். அந்த ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். வீட்டில் நாலு பேர் கூடினால் அதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டார்.

விசாரணைக்கு முன்பே இவர் கதவைச் சாத்திக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒழுங்காகக் கணக்குப் போட்டார். புகையில் கரியமில வாயுவும் நீராவியும்தான் வெப்பம் வீசும். மற்றவை சும்மா கூட வருகிறவை. விடை பழைய எண்ணில் பாதிகூட வரவில்லை. தப்பு யாருடையது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

விசாரணையில் ஆலை மேலாளர் கேட்டார். "கணக்குல தப்பு இருக்க வாய்ப்பு உண்டா சார்?"

இவர் தொண்டையைச் செருமினார். கண்ணாடியைத் துடைத்தார். உண்மையைச் சொன்னால் கைக்கெட்டிய தலைமைப் பொறியாளர் பதவி போகும். சொல்லாவிட்டால் மச்சினன் வேலை போகும். மனுஷர் ரொம்பத் தவித்ததாகத் தெரியவில்லை.

அதற்குள் மச்சினனே முந்திக்கொண்டான். "அத்தான் கணக்கு தப்பாதுங்க. நான்தான் எங்கயோ கவனிக்காம விட்டிருப்பேன்."

"அப்படியே எழுதிக்கோங்க" என்றார் மேலாளர்.

இவர் மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலை போன பிறகு மச்சினன் அக்கா வீட்டுக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை. "உங்க பேரைக் கெடுத்துட்டேன் அத்தான். மன்னிச்சிடுங்க" என்றான்.

புதிய தலைமைப் பொறியாளர் பெரிய மனசு பண்ணி மன்னித்தார்.