இழுப்பறையில் பழைய டிஸ்க்

காலையில் எழுவேன். பல் தேய்ப்பேன். டீ போடுவேன். கணினியைத் திறந்து ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று அடிப்பேன். அப்படி அடித்த ஒரு காலையில் நடந்தது இது. நம்பாதவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

நானும் என் மனைவியும் வீட்டிலிருந்தே ஒரே மென்பொருளில் வேலை பார்த்தோம். அதில் மூன்று லட்சம் சின்னச் சின்னக் கோப்புகள். நேற்றிலிருந்து எது மாறியிருக்கிறது என்று கிட் என்ற நிரல்தான் பார்த்துச் சொல்லும். எங்கள் டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம், அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை, பழையது. அது தரும் விவரத்தை நம்ப முடியாமல், கிட் ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிக்கும். திறந்த நேரத்தை டிஸ்க் வேறு குறித்துவைக்கும். எல்லாம் முடிய நான்கு நிமிடம்.

அந்த நேரத்தில் அவள் நாற்காலியை என் பக்கம் உருட்டி வருவாள். சக்கரம் கிறீச்சிடும். ஏதாவது பேசுவோம்.

அவள் போன பிறகு ஒருநாள் அவள் தம்பி வந்தான். சர்வர்களைப் பராமரிப்பவன்.

“இன்னும் இந்த ஆமையைக் கட்டிக்கிட்டு அழறீங்களா மாமா?”

புது டிஸ்க். புது ஃபைல் சிஸ்டம். எல்லாவற்றையும் நகலெடுத்தான். ஒரே விநாடியில் பதில் வந்தது. பழைய டிஸ்க்கை இழுப்பறையில் வைத்தேன். அதன் கேபிளைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் காலை, 8.10. கிட் ஸ்டேட்டஸ் அடித்தேன்.

பதில் இல்லை.

ஒரு நிமிடம்... இரண்டு...

இழுப்பறைக்குள் மெல்லிய உறுமல். டிஸ்க் சுழலும் சத்தம்.

பின்னால் சக்கரம். கிறீச்...

நான் திரும்பவில்லை.

8.14. பதில் வந்தது. உறுமல் நின்றது.

அவள் நாற்காலி என் பக்கத்தில் இருந்தது.

அவள் தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். மாலையில் கேபிளோடு வந்தான்.

“புது டிஸ்க் பக்காவா இருக்கு மாமா. நீங்க தூங்கி வழிஞ்சிருப்பீங்க.”

சிரித்துக்கொண்டே பழையதை இணைத்தான். சிரிப்பு நின்றது.

“மாமா... இதை இன்னைக்கு யார் திறந்தா?”

மூன்று லட்சம் கோப்புகள். கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம்: இன்று, 8.10 முதல் 8.14 வரை.

“கேபிள் என் பையிலதானே இருந்துச்சு...”



டிஸ்க்கை மாற்றப்போகிறேன் என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவள் வண்டியில் லாரி மோதிய அன்று காலையில். சாவியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“மாத்திடாத. அந்த நாலு நிமிஷம் என்னோடது.”