சீட்டை அடுக்கிய அண்ணன்

கூட வேலை பார்த்த அண்ணன் என்றதும் எனக்கு அந்த ஐந்து சீட்டுகள்தான் ஞாபகம் வரும். கம்ப்யூட்டர் திரையில் அவற்றை வரிசையாக அடுக்கிவிட்டு, "இப்பப் பாரும்மா, எம்புட்டு லட்சணமா இருக்கு!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இரண்டாயிரங்களில், துபாயின் சத்வா பகுதியில் எங்கள் ஆபீஸ். ஐரோப்பாவில் வெளிவந்த, போக்கர் என்ற சீட்டாட்டத்துக்கான ஒரு பத்திரிகைக்குப் பக்கம் வடிவமைப்பது எங்கள் வேலை. ஆங்கிலத்தில் தொடங்கிய பத்திரிகை, அந்த ஆட்டத்தின் மோகம் பரவப் பரவ ஜெர்மன், ஸ்பானிஷ், ஸ்வீடிஷ் என்று பதிப்புகள் போட்டது. நாங்கள் அனுப்பும் பக்கங்களில் படம் அப்படியே இருக்கும். எழுத்தை மட்டும் அவரவர் மொழியில் மாற்றிக்கொள்வார்கள். இன்று அதில் ஒரு பதிப்பும் இல்லை, ஒவ்வொன்றாக நின்றுபோயின. துபாயில் சூதாட்டத்துக்குத் தடை என்பதால் அந்தப் பத்திரிகை அங்கே கடைக்கு வராது. அச்சான இதழை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. என்ன கூத்து பாருங்கள், விளம்பரப் பக்கம் செய்த எனக்கும் போக்கர் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது.

அவர் திருநெல்வேலிக்காரர். வெள்ளிக்கிழமைகளில் ரூமில் ரம்மி ஆடுவார். ரம்மி ஆடுகிறவருக்குக் கையில் சீட்டு கலைந்து கிடந்தால் பொறுக்காது. போக்கரிலோ, மேசையில் சீட்டு எந்த வரிசையில் திறந்ததோ அதுதான் கதையே. அந்த மாதக் கட்டுரை, தோற்கவிருந்த ஒருவன் கடைசிச் சீட்டில் ஜெயித்ததைப் பற்றியது. எண் வரிசையில் அடுக்குகிறேன் என்று அந்தக் கடைசிச் சீட்டை அண்ணன் நடுவில் செருகிவிட்டார். எல்லா நாட்டுப் பதிப்பிலும் அப்படியே அச்சாகி, வாசகர்கள் கடிதம் எழுதிக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

வேலை போனால் விசாவும் போய்விடும். அடுத்த மாதம் அவர் மனைவி மகளோடு வருவதாக இருந்தது. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை அவர் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். "சாஃப்ட்வேர் கோளாறுன்னு சொல்லிடுங்கண்ணே" என்றேன். கேட்டால்தானே!

எங்கள் மானேஜர் போன் ஸ்பீக்கரில் வெளிநாட்டுத் தலைமை ஆசிரியரைப் பிடித்தார். அண்ணன் எழுந்து நின்று, "நான்தான் சார் அடுக்கினேன். கலஞ்சு கெடந்துச்சு, அப்படியே விட மனசு வரல" என்றார். மானேஜர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது, அடக்கமாட்டாத சிரிப்பு. அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடலாம், அந்த ஆளுக்கு முதலில் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்றார் ஆசிரியர்.

அண்ணன் அங்கேயே ஊருக்கு போன் போட்டார். "ஒண்ணும் ஆவல. பிள்ளையத் தூக்கிட்டு வந்துரு." மனைவி போனைக் குழந்தையிடம் கொடுத்திருக்க வேண்டும். யாரென்று அது கேட்டிருக்கும்.

"அப்பாதாம்மா... அப்பா பேசுதேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.